பித்தப்பைப் புற்றுநோய் எலும்புக்குப் போனது: உங்கள் வீட்டில் எப்படித் தெரிந்தது?

படிக்கட்டு:

இதை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். அம்மாவுக்குப் பித்தப்பையில் புற்றுநோய். தெரியவந்தபோதே நான்காம் கட்டம். கல்லீரலிலும் இருந்தது, முதுகெலும்பிலும் இருந்தது. பித்தநாளத்தில் வைக்கும் ஸ்டென்ட், கீமோ, அந்தப் பாதையெல்லாம் இங்கே படிப்பவர்களுக்குத் தெரியும், அதைச் சொல்ல வரவில்லை. என்னை உறுத்துவது அதற்கு முந்தைய நான்கு மாதம்.

முதலில் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வலி என்றார். கல் இருப்பது ஏற்கெனவே தெரியும். பித்தப்பை வலி அங்கே ஏறும் என்றும் தெரியும். அதனால் யாரும் பதறவில்லை. அப்புறம் வலி இறங்கி முதுகின் நடுவுக்கு வந்தது. பகலில் நடமாடும்போது அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி மல்லாந்து படுத்ததும் ஆரம்பிக்கும். "அந்த இடத்திலே கொஞ்சம் அமுக்கி விடேன்" என்பார். வலி மருந்தைத் தடவிக் கட்டைவிரலை வைத்து அமுக்குவேன். விரல் ஒவ்வொரு நாளும் அதே முடிச்சின் மேல்தான் போய் உட்காரும். அமுக்கினால் மூச்சை இழுத்துப் பிடிப்பார். விட்டதும் "ம், அதேதான், அங்கேதான்" என்பார். தசைப்பிடிப்பு என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன்.

பிறகு மஞ்சள் காமாலை வந்து, ஸ்கேன் எடுத்து, புற்று பரவிய இடத்தை ஒளிரக் காட்டும் பெட் சி.டி. ஸ்கேன் வரை போனோம். மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். முதுகெலும்பு வரிசையில் ஒரே ஒரு எலும்பு மட்டும் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. பத்தாவது மார்பு முள்ளெலும்பு என்றார். எனக்கு எண் தேவைப்படவில்லை. என் கட்டைவிரலுக்கு அந்த இடம் தெரியும்.

அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நான் அமுக்கியதால் ஏதாவது ஆகியிருக்குமா என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் எலும்பு விஷயம் எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள்.

அந்திவேளை:

என் மனைவிக்குப் பித்தப்பையை எடுத்தது கல்லுக்காக. லேப்ராஸ்கோபி, இரண்டாம் நாளே வீடு. தையல் பார்க்கப் போன அன்று பயாப்ஸி ரிப்போர்ட் என்று ஓர் உறையைக் கையில் கொடுத்தார்கள். காயம் நன்றாக ஆறிவிட்டது என்று சொன்னதும் எங்களுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. உறையை மற்றக் காகிதங்களோடு கோப்பில் வைத்து அலமாரியில் போட்டுவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். விழவில்லை, இடறவில்லை. எழுந்தாள், அவ்வளவுதான். உலர்ந்த குச்சியை ஒடித்ததுபோல் ஒரு சத்தம். அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்திருந்தது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர், "இது விழுந்து முறிந்தது இல்லை, எலும்பு உள்ளே ஏற்கெனவே அரித்திருக்கிறது, பழைய காகிதம் எல்லாம் கொண்டு வாருங்கள்" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த உறையைப் பிரித்தேன். ஸ்டேப்ளர் முள்ளை நகத்தால் நெம்பி எடுத்தேன், நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது. உள்ளே ஒரே ஒரு தாள். கட்டி பித்தப்பைச் சுவரின் தசை அடுக்கைத் தாண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தது. அப்போதே தெரிந்திருந்தால் இரண்டாவது அறுவை செய்து, பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் நிணநீர்க் கட்டிகளையும் எடுத்திருப்பார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

தொடையில் கம்பி வைத்து, ரேடியேஷன் கொடுத்து, அவள் மறுபடி நடந்தாள். ஏழு மாதம் நடந்தாள். படிக்கட்டு, நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனால் கையால் செய்ததை நினைத்து நீங்கள் வருந்துகிறீர்கள். நான் கையில் வைத்துக்கொண்டே செய்யாததை நினைத்து வருந்துகிறேன்.

கல்தூண்:

அந்திவேளை அண்ணா, உறையைப் பிரிக்காதது உங்கள் குற்றம் என்று நினைக்காதீர்கள். அந்த மாதிரி முடிவு வந்தால் அறுவை செய்தவர்களே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நோயாளி கையில் ஒரு தாளைத் திணித்துவிட்டால் கடமை முடிந்ததா? கல் என்று எடுக்கும் பித்தப்பையில் எதிர்பாராமல் புற்று தெரிவது அவர்களுக்குப் புதிதல்ல. பித்தப்பைப் புற்று வந்தவர்களில் கணிசமான பேருக்கு அப்படித்தான் தெரிய வருகிறது.

என் அனுபவம் சின்னது. மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்துக் காமாலை இறங்கியது. கண் வெளுத்தது, அரிப்பு நின்றது, காமாலையைக் காட்டும் பிலிரூபின் அளவு இரண்டுக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி மட்டும் இறங்கவில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அந்த வரி தடித்த எழுத்தில் இருக்கும். "கல்லீரல்தானே, மெதுவாக இறங்கும்" என்றே எல்லோரும் சொன்னோம். மூன்றாவது மாதம் இடுப்பெலும்பில் இருப்பது தெரிந்தது.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன், அதனால் இது இன்னும் குத்துகிறது. இனி வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அல்கலைன் பாஸ்படேஸ் கல்லீரலிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். பித்தநாளம் அடைத்தாலும் ஏறும், எலும்பு அரித்தாலும் ஏறும். எங்கிருந்து வருகிறது என்று அறிய ஜி.ஜி.டி. என்ற இன்னொரு பரிசோதனையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது எலும்பிலிருந்து வராது. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் பித்தநாளப் பக்கம் பார்க்கலாம். ஜி.ஜி.டி. இறங்கி அல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் உயரத்தில் நின்றால் எலும்பைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். கால்சியத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவாக இருந்தால் கால்சியம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், அதைத் திருத்திக் கணக்கிடச் சொல்லுங்கள். சி.ஏ. 19-9 என்ற புற்றுக் குறியீடு ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பதறுகிறவர்களும் உண்டு, காமாலை இருக்கும்போது அது புற்று இல்லாமலேகூட ஏறும், அடைப்பு நீங்கிய பிறகு எடுத்தால்தான் அதற்கு அர்த்தம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். எலும்பின் சுண்ணச்சத்து 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். வலி இருந்தால் எம்.ஆர்.ஐ. அல்லது எலும்பு ஸ்கேன் கேளுங்கள். பித்தப்பையில் கல் இருந்து முதுகு வலித்தாலே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. தாமதித்து எங்கள் மாமா பட்டது போதும்.

நிலாமுற்றம்:

கல்தூண், நீங்கள் ரத்தப் பரிசோதனை பற்றி எழுதியது எல்லாம் சரி. கடைசி வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கல்லோடு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர், முதுகு வலிக்காதவர்கள் யாருமே இல்லை. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. என்றால் பாதிப் பேர் அந்தக் குழாய்க்குள்தான் படுத்திருக்க வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் கல்லீரல், நிணநீர்க் கட்டி, வயிற்று உள்சவ்வு என்று பக்கத்திலேயே பரவும். எலும்புக்குப் போவது குறைவு. அதனால்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நான் இயன்முறை சிகிச்சையாளர். முதுகு வலி என்று வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "படுத்தால் குறைகிறதா, கூடுகிறதா?" சாதாரணப் பிடிப்பு ஓய்வில் அடங்கும். படுத்தால் கூடுகிற வலி, தூக்கத்தில் எழுப்புகிற வலி, ஒரே எலும்பின் மேல் தட்டினால் சுளீர் என்கிற வலி, கூடவே காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றைக் கேட்டால் என் கையை எடுத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

ஒரு பெண்மணி வந்தார். மூன்று அமர்வு முடிந்தது. நான்காம் நாள் சட்டையை ஏற்றிவிட்டுக் குப்புறப் படுத்தபோது முதுகு முழுக்கக் கீறல். குறுக்கும் நெடுக்குமாக, பழையது புதியது எல்லாம். "என்னம்மா இது?" என்றேன். "ராத்திரி ஒரே அரிப்பு, சீப்பை வைத்துச் சொறிகிறேன்" என்றார். காமாலை கண்ணுக்கு வருவதற்கு முன்பே சிலருக்கு அரிப்பு வந்துவிடும். நான் படித்ததுதான். ஆனால் முதல் மூன்று நாளும் நான் அவர் முதுகின் தசையைத்தான் பார்த்தேன், தோலைப் பார்க்கவில்லை. பித்தப்பையில் கட்டி, இரண்டு முள்ளெலும்பில் பரவியிருந்தது. அந்த மூன்று அமர்வில் நான் கொடுத்த பயிற்சிகளை எண்ணிப் பார்க்காத வாரம் இல்லை.

படிக்கட்டு, நீங்கள் கேட்ட கேள்விக்கு: அமுக்கியதால் புற்று எலும்புக்குப் போகாது. அது ரத்தத்தின் வழியாக ஏற்கெனவே போயிருந்தது. பலவீனமான எலும்பை முரட்டுத்தனமாக அழுத்தினால் நொறுங்கும் ஆபத்து உண்டு, உங்கள் அம்மாவுக்கு அப்படி ஆகவில்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

ஊதாப்பூ:

இந்த இழையில் எல்லோரும் அம்மா, மனைவி, மாமா என்று எழுதுகிறீர்கள். நான்தான் அந்த அம்மா. எனக்கே இருக்கிறது. பித்தப்பை எடுத்தாகிவிட்டது, கல்லீரலில் இரண்டு இடம், இடுப்பெலும்பில் ஒரு இடம், நான்காவது இடுப்பு முள்ளெலும்பில் ஒரு இடம். பத்தொன்பது மாதமாக எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மறக்காதது ரேடியேஷன் அறை. இடுப்பில் அளவு பார்த்து ஊசிமுனை அளவுக்கு மூன்று கறுப்புப் புள்ளி குத்தினார்கள். அந்தப் பெண் குத்துவதற்கு முன்னால், "இது அழியாது, பரவாயில்லையா?" என்று கேட்டாள். எத்தனையோ கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இதுவரை யாருமே எனக்குப் பரவாயில்லையா என்று கேட்டிருக்கவில்லை. சரி என்றேன். கண்ணீர் காதுக்குள் வழிந்தது, அசையக்கூடாது என்பதால் துடைக்கவில்லை.

ஒரே தடவை, 8 கிரே அளவு கதிர். பத்து நாளாகப் பிரித்து 30 கிரே கொடுப்பதும் உண்டு. வலிக்கு இரண்டும் ஒரே அளவுதான் கேட்கும், ஒரே தடவை கொடுத்தவர்களுக்குப் பின்னால் மறுபடி கொடுக்க வேண்டி வருவது கொஞ்சம் அதிகம் என்று முதலிலேயே சொன்னார்கள். முதல் இரண்டு ராத்திரி வலி கூடியது. அப்படிக் கூடும் என்று சொல்லியிருந்ததால் பயப்படவில்லை, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் ராத்திரி தூக்கத்தில் தன்னால் இடது பக்கம் புரண்டு படுத்திருக்கிறேன். காலையில் கண் திறந்தபோது முகத்துக்கு நேரே சுவர் இருந்தது. நான்கு மாதமாக அந்தச் சுவரைப் படுத்தபடி பார்த்ததில்லை.

எலும்பு அரிக்காமல் இருக்கச் சோலெட்ரானிக் ஆசிட் ஏறுகிறது. பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று முதலிலேயே அனுப்பினார்கள். ஆடிய கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகே ஆரம்பித்தார்கள். இந்த மருந்து போகும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். முதல் ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தது. அடுத்தடுத்த தடவை அவ்வளவு இல்லை.

இன்னொன்று. ஆயுள் எவ்வளவு என்று தேடிப் படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே எண்ணைத்தான் பார்ப்பீர்கள். 2010இல் வந்த ஆய்வு, 410 பேர், பித்தநாளம் பித்தப்பை எல்லாம் சேர்த்து. ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்து மட்டும் போட்டவர்களுக்கு 8.1 மாதம், சிஸ்பிளாட்டினும் சேர்த்தவர்களுக்கு 11.7 மாதம். அது நடு எண். பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்றும் அதற்கு அர்த்தம். என் மகன் அந்தப் பக்கத்தை என்னிடம் மறைத்து வைத்திருந்தான். நான் அவனுக்கு முன்பே படித்துவிட்டேன். 2022க்குப் பிறகு அந்த இரண்டோடு துர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தையும் சேர்க்கிறார்கள், எனக்கும் அதுதான் ஏறியது. கட்டியில் ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இருந்தால் அதற்கென்று தனி மருந்துகள் உண்டு. பித்தப்பைக் கட்டிகளில் அது இருக்கும் வாய்ப்பு மற்றப் பித்தநாளக் கட்டிகளைவிட அதிகம்.

நோயாளியை அறையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று மருத்துவரிடம் பேசாதீர்கள். எங்களுக்குக் கேட்கும்.

சாய்நாற்காலி:

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தச் சுவரை நீங்கள் நெடுநாள் பார்க்க வேண்டும்.

அப்பா விஷயம். கீமோ நான்காவது சுற்று முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கூடத்திலிருந்து அறைக்கு நடந்து போகிறார். நான் பின்னால் போகிறேன். வலது கால் செருப்பு கழன்று நடுக்கூடத்தில் கிடக்கிறது. அவர் நடந்து போய்க்கொண்டே இருக்கிறார். "அப்பா, செருப்பு" என்றேன். திரும்பிப் பார்த்து, "அட, போட்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்தேன்" என்றார். குனிந்து காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாதத்தில் என் விரலை வைத்து, "தெரிகிறதா?" என்றேன். "எங்கோ தூரத்தில் இருக்கிறது" என்றார்.

கீமோவால் மரத்துப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். சிஸ்பிளாட்டினுக்கு அது உண்டுதான். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். ஞாயிறு மதியம் சிறுநீர் போகவில்லை. ராத்திரி கால் தூக்க முடியவில்லை. ஓடினோம். முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஒரு முள்ளெலும்பு சரிந்து தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை உடனே போட்டார்கள், மறுநாள் ரேடியேஷன். வலி போனது. கால் வரவில்லை. நடந்து வருகிறவர்கள் பெரும்பாலும் நடந்தே திரும்புகிறார்கள், கால் போன பிறகு வருகிறவர்களுக்கு அபூர்வமாகத்தான் திரும்புகிறது என்று அங்கே சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா நடந்துகொண்டிருந்தார்.

கீமோ மரப்பு பொதுவாக விரல் நுனியில் ஆரம்பித்து இரண்டு காலிலும் மெதுவாக ஏறும். மணிக்கணக்கில் கூடாது, சிறுநீரைக் கட்டாது. அந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரியாது.

ஒற்றையடி:

அத்தைக்கு விலாவிலும் முதுகிலும் பரவியிருந்தது. எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தார். வலிக்கு மார்ஃபின் ஆரம்பித்தார்கள். பத்தே நாளில் போய்விட்டார். நோய் கொன்றதா, அந்த மருந்து கொன்றதா என்று எனக்கு இன்னும் சந்தேகம். கடைசி இரண்டு நாள் பேச்சே இல்லை. வீட்டில் யாராவது மார்ஃபின் என்றால் சரி என்று சொல்லிவிடாதீர்கள், யோசியுங்கள்.

அந்திவேளை:

ஒற்றையடி, உங்கள் துக்கம் புரிகிறது, ஆனால் இதை இப்படியே விட முடியாது. இதைப் படித்துவிட்டு யாராவது வலியோடு கிடக்கிறவருக்கு மாத்திரையைத் தள்ளிப் போடுவார்கள். நானே தள்ளிப் போட்டேன். மார்ஃபின் என்றால் முடிவு என்று நினைத்து, எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு வாரம் வாங்கவே இல்லை. அந்த ஒரு வாரமும் மனைவி தலையணை உறையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த உறையில் பல் பதிந்த இடம் நூல் நூலாகப் பிரிந்து போயிருந்தது.

ஆரம்பித்த பிறகு அவள் ஐந்து மாதம் அதே மார்ஃபினோடு இருந்தாள். முதல் மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருந்தது, பிறகு தெளிந்துவிட்டாள். கணக்குப் பார்த்தாள், பேரனோடு சண்டை போட்டாள். குறைந்த அளவில் தொடங்கி வலிக்கு ஏற்பக் கூட்டினால் மூச்சு நிற்காது. பலருக்கு அதை மிகவும் தாமதமாக, கடைசி நாட்களில்தான் தொடங்குகிறார்கள். அதனால்தான் மருந்து கொண்டுபோனதுபோல் தெரிகிறது. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் குத்தும் வலிக்குத் தனி டோஸ் உண்டு. நாள் முழுக்க எடுக்கும் அளவில் ஆறில் ஒரு பங்கு என்பார்கள், அதையும் எழுதி வாங்குங்கள். சிறுநீரகம் பழுதானால் மார்ஃபின் உடம்பில் தேங்கும், அப்போது மாற்று மருந்து கேட்க வேண்டும். இன்னும் ஒன்று, சிஸ்பிளாட்டின் போகும்போது டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கும். கேட்காத அறிவுரைதான், தெரியும். அந்தத் தலையணை உறை இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒற்றையடி:

அத்தைக்கும் கடைசியில்தான் ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் மூன்று மாதம் வெறும் பாராசிட்டமால். அதை நான் எழுதவில்லை.

மழைத்துளி67:

நான் வலியைப் பற்றி எழுத வரவில்லை, தாகத்தைப் பற்றி. பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பில் பரவியிருந்தது. திடீரென்று தண்ணீர் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்தார். சொம்பை வைத்த கையோடு காலி. மணிக்கொரு முறை சிறுநீர். நான்காம் நாள் என்னைப் பார்த்து, "யார் நீங்க, வீட்டுக்காரங்க வெளியே போயிருக்காங்க" என்று மரியாதையாகச் சொன்னார். இருபத்தாறு வயது வரை என்னை வளர்த்தவர். மூளைக்குப் போய்விட்டது, இனி அவ்வளவுதான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் வலிநிவாரணச் செவிலியர் ஒருவர்தான், "கால்சியம் பார்த்தீர்களா?" என்று கேட்டார். 14க்கு மேல் இருந்தது. பத்தரைக்குள் இருக்க வேண்டியது. எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்தில் இறங்கினால் தாகம், மலச்சிக்கல், குழப்பம், தூக்கம் எல்லாம் வருமாம். இதில் கொடுமை, எலும்புக்கு நல்லது என்று நானே கால்சியம் மாத்திரை வாங்கித் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் வந்தது என்று இல்லை என்றார்கள், ஆனால் உடனே நிறுத்தச் சொன்னார்கள்.

உப்புநீர் ஏற்றி, சோலெட்ரானிக் ஆசிட் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை நான் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தேன். "கழுத்து பிடிச்சுக்கும், ஒழுங்கா படுடி" என்ற குரல். அதற்குப் பிறகு ஆறு வாரம் இருந்தார். வந்து அழுதுவிட்டுப் போன சொந்தக்காரர்கள் எல்லோரும் மறுபடி வந்து பேசிவிட்டுப் போனார்கள்.

ஊதாப்பூ:

மழைத்துளி, நான் எடுப்பது வைட்டமின் டி-யோடு சேர்ந்த கால்சியம், மருத்துவர் எழுதிக் கொடுத்தது. சோலெட்ரானிக் ஆசிட் போட்டால் கால்சியம் இறங்கும், அதற்காக. உங்கள் பெரியம்மாவுக்கு ஏறியதால் நிறுத்தினார்கள். இரண்டும் வேறு வேறு, யாரும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அந்திவேளை அண்ணா, தொடையில் கம்பியை முறிவதற்கு முன்பே வைக்கலாம் என்பது எனக்கு உங்கள் பதிவுக்குப் பிறகுதான் உறைத்தது. அடுத்த முறை என் இடுப்புப் படத்தைக் காட்டி, தொடை எலும்பும் சேர்ந்து தெரிகிறதா என்று கேட்டேன். வலி எப்படி, எந்த இடம், எலும்பின் கனத்தில் எவ்வளவு அரித்திருக்கிறது, கரைகிற வகையா இறுகுகிற வகையா என்று பார்த்து ஒரு மதிப்பெண் போடுவார்களாம், அது ஒன்பதைத் தொட்டால் முன்கூட்டியே கம்பி. எனக்குத் தொடையில் எதுவும் இல்லை. ஆனால் கட்டிலிலிருந்து எழும்போது இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். உங்கள் மனைவி எனக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்கிறேன்.

அந்திவேளை:

பிடித்துக்கொண்டே எழுந்திருங்கள், அம்மா.

கல்தூண்:

நிலாமுற்றம், நீங்கள் சொன்னது நியாயம். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. என்று நான் எழுதியது ஆத்திரத்தில் எழுதியது. புற்று என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி வந்தால் காத்திருக்க வேண்டாம் என்று திருத்திக்கொள்கிறேன். மாமா ரிப்போர்ட்டில் அந்தத் தடித்த வரியை அச்சிட்டு எடுத்தவன் நானேதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

படிக்கட்டு:

எல்லாவற்றையும் படித்தேன். நிலாமுற்றம், "ரத்தத்தின் வழியாக ஏற்கெனவே போயிருந்தது" என்று நீங்கள் எழுதியதைத் தங்கைக்கு அனுப்பினேன். அவளும் அம்மாவுக்கு அமுக்கிவிட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. பகலில் அவள், ராத்திரி நான்.

ஏன் இப்போது எழுதினேன் என்று சொல்லவில்லை. ஒரு மாதமாக அப்பாவுக்கு முதுகு வலி. படுத்தால் குறைகிறது, குனிந்தால் கூடுகிறது. ஆனாலும் என்னால் இருக்க முடியவில்லை. மருத்துவர் தேவையில்லை என்றார், நான் வற்புறுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தேன். வட்டு தேய்மானம், வயதுக்கு உரியது, எலும்பு எல்லாம் சுத்தம். ரத்தப் பரிசோதனையில் கல்தூண் சொன்ன அந்த இரண்டு வரியையும் தேடிப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன.

நேற்று ராத்திரி அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, "அம்மாவுக்குப் பண்ணுவியே, அந்த மாதிரி" என்றார். மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உட்கார்ந்து, நடு எலும்பைத் தொடாமல், இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மட்டும் தேய்த்துவிட்டேன். "என்னடா, தொடவே மாட்டேங்கிறே" என்றார். கட்டைவிரலை மடக்கியே வைத்திருந்தேன்.